இருபது செக்கன் மூச்சும் இருபது ஆண்டு வாழ்வும்

மனிதன் ஒரு நாளில் ஏறக்குறைய 20,000 தடவை மூச்சு விடுகின்றான். உண்ணும்போதும் உறங்கும்போதும் ஓயாது நடைபெறும் இச்செயலை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. எண்ணாமலே நடப்பதாயினும், எண்ணினால் எமக்குக் கட்டுப்படுவதும் இம்மூச்சேயாகும். இருதயத்தை நில் என்றால் அது நில்லாது. இரைப்பையை ஓய்ந்திரு என்றால் அது கேளாது. மூச்சை மட்டும் சிறிது நேரம் இழுத்துப் பிடித்து வைக்கும் உரிமை மனிதனுக்கு உண்டு. இச்சிறு உரிமையைக் கொண்டே, மார்பகப் புற்றுநோய்க்காகக் கதிர்ச் சிகிச்சை பெறும் பெண்ணொருத்தி தன் இருதயத்தைத் தானே காத்துக்கொள்ளலாம் என்பது வைத்திய உலகம் அண்மைக்காலத்தில் கண்ட உண்மை. அதனையே இவ்வாரம் எமது வாசகர்க்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

குடும்பத்தினர் யாவரும் கூடியிருந்து படிக்கும் இப்பகுதியில் இந்நோயைப் பற்றிப் பேசுவது தகுமா என்று சிலர் எண்ணக்கூடும். தகும் என்பதே எமது கருத்து. உலகெங்கணும் பெண்களை மிகுதியாகப் பற்றும் புற்றுநோய் இதுவே. எமது இலங்கைத் தீவிலும் அவ்வாறே. ஆயினும் எமது இல்லங்களில் இந்நோயின் பெயரைக்கூட அடுப்படியில் மெல்லிய குரலிற் சொல்லும் வழக்கமே இன்னும் நிலவுகின்றது. மார்பிலே கட்டியொன்றைக் கண்ட தாய், மகளிடம் சொல்லத் தயங்குகின்றாள். மகள் தந்தையிடம் சொல்ல நாணுகின்றாள். நாணத்தினால் மாதங்கள் கழிகின்றன. நோய் நாணம் அறியாதது. அது தன் வழியே வளர்ந்து செல்கின்றது.

உரிய காலத்தில் வைத்தியரிடம் சென்று, சத்திர சிகிச்சையும் செய்து முடித்த பின்னர் வேறோர் அச்சம் தலைகாட்டுகின்றது. “இனிக் கதிர்ச் சிகிச்சையும் பெறவேண்டும்” என்று வைத்தியர் கூறுமிடத்து, “கட்டிதான் போய்விட்டதே, இன்னும் எதற்காகச் சுட வேண்டும்? கதிர் நெஞ்சைப் பழுதாக்கிவிடும் என்கிறார்களே!” என்று உறவினர் கூடிப் பேசுகின்றனர். இப்பேச்சிலே பாதி உண்மையும் பாதி பிழையும் கலந்திருக்கின்றன. பாதி உண்மை முழுப் பொய்யிலும் கெடுதியானது. ஆதலால் இரண்டையும் பிரித்தறிவது அவசியமாகின்றது.

கதிர் ஏன் வேண்டும்?

ஜேர்மனியிலே வூட்ஸ்பர்க் நகரில் றொன்ட்ஜன் என்னும் பேராசிரியர் 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். உடலை ஊடுருவிச் செல்லும் அக்கதிர், எலும்பைப் படம் பிடிக்க உதவியதோடு நில்லாது, நோயுற்ற கலங்களை அழிக்கவும் வல்லது என்பது விரைவிலேயே தெரியவந்தது. இன்று மார்பகப் புற்றுநோய்க்கு வழங்கப்படும் கதிர்ச் சிகிச்சையும் பெரும்பாலும் அந்த எக்ஸ் கதிரின் மிக வலிமை வாய்ந்த வடிவமேயாகும்.

சத்திர வைத்தியர் மார்பகம் முழுவதையும் அகற்றாது, கட்டியை மட்டும் அகற்றிவிடும் முறை இன்று பெருவழக்காயிருக்கின்றது. கண்ணுக்குத் தெரிந்த கட்டி போய்விடும். கண்ணுக்குத் தெரியாத சில கலங்கள் எஞ்சியிருத்தலும் கூடும். வயலிலே களை பிடுங்கிய பின்னர் மண்ணுக்குள் வேர்த்துண்டு கிடப்பதை ஒத்தது இது. அவ்வேர்த்துண்டை அழிப்பதே கதிரின் வேலை.

இதன் பயனை அளந்து காட்டிய பேராய்வொன்றின் முடிவு 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 17 ஆய்வுகளிற் பங்குகொண்ட 10,801 பெண்களின் வரலாறுகள் அதிலே ஒன்றாகத் திரட்டிப் பார்க்கப்பட்டன. கட்டியை மட்டும் அகற்றி, கதிர்ச் சிகிச்சை பெறாதவர்களில் 10 ஆண்டுகளுக்குள் 100க்கு 35 பேரிடத்து நோய் மீண்டும் தோன்றியது. கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களில் அத்தொகை 100க்கு 19 அளவாகக் குறைந்தது. 15 ஆண்டுகளுக்குள் அந்நோயால் இறந்தோர் தொகையும் 100க்கு 25 என்பதிலிருந்து 21 அளவுக்கு இறங்கிற்று. நூற்றுக்கு நான்கு உயிர் என்பது ஏட்டிலே சிறிய எண்ணாகத் தோன்றலாம். அந்நால்வரில் ஒருத்தி எமது வீட்டுத் தாயாக இருப்பாளாயின் அவ்வெண் சிறியதன்று.

ஆகவே, “கட்டி போய்விட்டதே, கதிர் எதற்கு?” என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இனி, உறவினர் கூறிய மற்றைப் பாதியைப் பார்ப்போம். கதிர் நெஞ்சைப் பழுதாக்கும் என்பது வெறும் கட்டுக்கதையா? அன்று.

இடப்பக்கத்து அயல்வீடு

எமது இருதயம் மார்பின் நட்டநடுவில் இருப்பதன்று. அதன் மூன்றில் இரு பங்கு இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கின்றது. இடது மார்பகத்துக்கும் இருதயத்துக்கும் இடையே இருப்பவை விலாவெலும்பும், தசையும், சுவாசப்பையின் மெல்லிய ஓரமுமே. இருதயத்தின் முன்முகத்திலே, மார்புச் சுவரை அடுத்தாற்போல, முக்கியமான முடியுரு நாடியொன்று கீழ்நோக்கி ஓடுகின்றது. இருதயத் தசையின் பெரும் பகுதிக்குக் குருதியை ஊட்டுவது அந்நாடியே. மாரடைப்பு என்று நாம் சொல்லும் ஆபத்து, பல சமயங்களில் அந்நாடி அடைபடுவதனாலேயே நேருகின்றது.

மார்பகத்துக்குக் கதிர் செலுத்தும் வைத்தியர் அதனை நேர் முன்னிருந்து உள்நோக்கிச் செலுத்துவதில்லை. இளநீரின் புறமட்டையைச் சீவுபவன் உள்ளேயிருக்கும் சிரட்டையில் கத்தி படாதவாறு ஓரமாகச் சீவுவது போல, மார்பின் வளைவை ஒட்டி இரு பக்கங்களிலிருந்தும் சாய்வாகவே செலுத்துவர். ஆயினும் மார்புச் சுவர் வளைந்தது. கதிரோ நேர்கோட்டிற் செல்வது. வளைந்த சுவரின் முழு அகலத்தையும் நேர்கோட்டால் தொடவேண்டுமாயின், அக்கோடு உள்ளேயிருப்பதிலும் சிறிது பட்டே தீரும். வலப்பக்கமாயின் அங்கு படுவது சுவாசப்பையின் ஓரமே. இடப்பக்கமாயின் இருதயத்தின் முன்முகமும், நாம் மேலே கூறிய நாடியும் சேர்ந்து அகப்பட்டுக்கொள்ளக்கூடும்.

அவ்வாறு அகப்பட்டால் அன்றைக்கே ஒன்றும் நேர்வதில்லை. இதுவே இவ்விடயத்தின் வஞ்சகமான இயல்பு. நோவில்லை; மயக்கமில்லை; சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பெண் தன் அலுவல்களைச் செய்துகொண்டிருப்பாள். ஆனால் கதிர் பட்ட நாடிகளின் உட்சுவர் மெல்ல மெல்லத் தடித்து ஒடுங்கத் தொடங்கும். அதன் விளைவு பல ஆண்டுகள் கழித்தே புலப்படும். புற்றுநோயை வென்றுவிட்டோம் என்று மகிழ்ந்திருந்த வீட்டிலே, பேரப்பிள்ளை காணும் வயதிலே, மாரடைப்பு என்னும் வேறு விருந்தாளி வந்து கதவைத் தட்டும்.

ஆண்டுகள் சொல்லிய சாட்சி

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு ஆராய்ச்சியின் பொறுமைக்கு நல்ல எடுத்துக்காட்டு. முன்னைய பல தசாப்தங்களில் மார்பகத்தை முற்றாக அகற்றிய பின்னர் அகன்ற பரப்பிலே கதிர் செலுத்துவது வழக்கமாயிருந்தது. அக்காலத்து ஆய்வுகளை ஒன்று சேர்த்து ஆராய்ந்த அறிஞர்கள் 1987ஆம் ஆண்டில் வியப்பான செய்தியொன்றை வெளியிட்டனர். முதற் பத்தாண்டுகளில் கதிர் பெற்றவரும் பெறாதவரும் ஒரே அளவில் வாழ்ந்தனர். பத்தாண்டுகளுக்கு அப்பால், கதிர் பெற்றவர்களே கூடுதலாக இறந்தனர்! 1994ஆம் ஆண்டில் அதன் காரணம் தெளிவாயிற்று. கதிரினால் மார்பகப் புற்றுநோய்ச் சாவு குறைந்தது. இருதய நோய்ச் சாவு கூடியது. ஒரு கையாற் கொடுத்ததை மறு கை வாங்கிக்கொண்டது.

அன்று தொட்டுக் கருவிகளும் முறைகளும் பெரிதும் திருந்திவிட்டன. எனினும் எவ்வளவு கதிர் பட்டால் எவ்வளவு தீங்கு என்ற கணக்கு நெடுங்காலம் தெளிவாக இருக்கவில்லை. சுவீடன், டென்மார்க் ஆகிய இரு நாடுகளிலும் 1958 முதல் 2001 வரை கதிர்ச் சிகிச்சை பெற்ற பெண்களில் 2,168 பேரை ஆராய்ந்து, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா டார்பி என்னும் பேராசிரியரும் அவருடன் உழைத்தோரும் 2013ஆம் ஆண்டில் அக்கணக்கை வெளியிட்டனர். நோயாளரின் பழைய பதிவேடுகள் ஒவ்வொன்றையும் எடுத்து, அவர்தம் இருதயத்தில் எவ்வளவு கதிர் பட்டிருக்கும் என்று அவர்கள் மதிப்பிட்டனர்.

உடல் ஏற்கும் கதிரின் அளவைக் ‘கிறே’ என்னும் அலகினாற் குறிப்பர். இருதயத்தில் சராசரியாகப் படும் கதிர் ஒரு கிறே கூடும்போது, மாரடைப்பு முதலிய பெரிய இருதய நோய்கள் வரும் வாய்ப்பு 100க்கு 7.4 பங்கு கூடுகின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. “இந்த அளவுக்குக் கீழே தீங்கேயில்லை” என்று சொல்லத்தக்க எல்லைக்கோடு எதுவும் அவர்களுக்குத் தென்படவில்லை. சிகிச்சை முடிந்த முதல் ஐந்தாண்டுகளுக்குள்ளேயே தொடங்கிய இவ்வாபத்து குறைந்தது 20 ஆண்டுகள் வரை நீடித்தது. அப்பெண்களில் இடப்பக்கத்தில் நோயுற்றவர்களின் இருதயம் சராசரியாக 6.6 கிறே ஏற்றிருந்தது. வலப்பக்கத்தவரின் இருதயம் ஏற்றது 2.9 கிறே மட்டுமே.

இங்கே வாசகர்கள் சிறிது நிதானித்தல் வேண்டும். 7.4 என்ற எண்ணைக் கேட்டு அஞ்சி, கதிரே வேண்டாம் என்று சொல்லிவிடுவது பேதைமையாகும். அதே ஆய்வாளர்கள் வேறொரு கணக்கும் தந்துள்ளனர். இருதய நோய்க்கான வேறு காரணம் எதுவுமில்லாத 50 வயதுப் பெண்ணொருத்தியின் இருதயம் 3 கிறே ஏற்றால், 80 வயதுக்கு முன் அவள் இருதய நாடி நோயால் இறக்கும் வாய்ப்பு 100க்கு 1.9 என்பதிலிருந்து 2.4 ஆகக் கூடுகின்றது. அதாவது 200 பெண்களில் ஒருத்தி. கதிரினாற் காக்கப்படுவோரோ முன்னர் கூறியபடி 100க்கு நால்வர். தராசின் எத்தட்டு கனமானது என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர்.

ஆனால் நீரிழிவு, உயர் குருதியமுக்கம் முதலியன உள்ள பெண்ணுக்குக் கணக்கு இவ்வளவு இலேசானதன்று. ஏற்கெனவே நலிந்த இருதயத்தின் மேல் வைக்கப்படும் சிறு சுமையும் பெருஞ் சுமையாகும். எமது நாட்டில் நடு வயதைத் தாண்டிய தாய்மாரில் இவ்விரு நோய்களும் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதை ஒவ்வொரு வீட்டாரும் அறிவர். ஆகவே, தவிர்க்கக்கூடிய ஒவ்வொரு கிறேயையும் தவிர்த்தல் நன்று. பயனைக் கைவிடாமற் பாதகத்தை மட்டும் விலக்கும் வழி உண்டா? உண்டு. அவ்வழி எமது மூக்கின் நுனியிலேயே இருக்கின்றது.

மூச்சு செய்யும் உதவி

வாசகர் இப்பொழுதே தம் மார்பின் மீது ஒரு கையை வைத்து, ஆழமாக மூச்சை உள்ளிழுத்துப் பார்க்கலாம். விலாவெலும்புகள் மேலெழும்பி மார்பு முன்னோக்கி உயர்வதைக் கை உணரும். கை உணராத மாற்றங்களும் உள்ளே நிகழ்கின்றன. நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் நடுவே கூரை போலக் கவிந்திருக்கும் பிரிமென்றகடு என்னும் தசை கீழிறங்கித் தட்டையாகின்றது. இருதயத்தைச் சூழ்ந்துள்ள உறை அப்பிரிமென்றகட்டோடு ஒட்டியிருப்பதனால், அது இறங்கும்போது இருதயமும் உடன் இழுபட்டுக் கீழும் பின்னுமாக நகருகின்றது. காற்றால் விரிந்த சுவாசப்பை, இருதயத்துக்கும் மார்புச் சுவருக்கும் இடையே தலையணை போல வந்து புகுந்துகொள்கின்றது.

மார்புச் சுவர் முன்னே போகின்றது. இருதயம் பின்னே போகின்றது. இரண்டுக்கும் இடையே வெளி பிறக்கின்றது. பலருக்கு அவ்வெளி மிகச் சிறியதே. ஆயினும் கதிரின் ஓரம் கத்திமுனை போலக் கூரியதாகையால், அச்சிறு வெளியே இருதயத்துக்கும் அதன் முன்முகத்து நாடிக்கும் அரணாக அமைந்துவிடுகின்றது. இந்நிலையில் மூச்சைப் பிடித்திருக்கும் நேரத்தில் மட்டும் கதிரைச் செலுத்தி, மூச்சை விடும்போது கதிரை நிறுத்திவிட்டால், மார்பகம் தனக்குரிய முழு அளவையும் பெறும். இருதயமோ பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும்.

இம்முறையைக் கைக்கொண்ட பல வைத்தியசாலைகள், சாதாரணமாக மூச்சு விடும்போது இருதயத்திற் படும் கதிரில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடுவதைக் கண்டுள்ளன. மார்பகத்துக்கு மட்டும் கதிர் செலுத்தப்படும் பெண்கள் பலரிடத்து இருதயத்தின் சராசரி அளவு 1 அல்லது 2 கிறேயோடு நின்றுவிடுகின்றது. முன்னர் கூறிய 6.6 என்ற எண்ணோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். சுவாசப்பைக்கும் பொதுவாக இது நன்மையே. நன்கு விரிந்த சுவாசப்பையிலே கதிரின் பாதையில் அகப்படும் பங்கு சிறிதாகிவிடுகின்றது.

இதனைக் கேட்டதும் எம்மவரில் சிலர்க்குப் பிராணாயாமம் நினைவுக்கு வரலாம். திருமூலர் முதலிய சித்தர்கள் மூச்சை அடக்கும் நெறியை விரித்துரைத்த மரபு எம்முடையது. ஆனால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. இங்கே மூச்சு நோயைக் குணமாக்குவதில்லை, குணமாக்குவது கதிரே. மூச்சின் வேலை, இருதயத்தைச் சற்று அப்பால் நகர்த்தி வைப்பது மட்டுமே. “மூச்சுப் பயிற்சியே போதும், கதிர் வேண்டாம்” என்று எவரேனும் சொல்வாராயின், அவர் சொல்லைக் கேளாதிருப்பதே உயிருக்கு நல்லது.

சிகிச்சை அறையிலே

இனி, இது எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைச் சொல்வோம். அறியாத அறைக்குள் செல்லும் அச்சமே பாதி நோய். அறிந்து சென்றால் அப்பாதி வெளியிலேயே நின்றுவிடும்.

முதலிலே சி.ரி. படம் எடுப்பர். நோயாளர் மல்லாந்து படுத்து, கைகளைத் தலைக்கு மேலே உயர்த்தி வைத்திருப்பார். மூச்சைப் பிடித்திருக்கும் நிலையில் ஒரு படம் எடுக்கப்படும். பல நிலையங்களில் சாதாரணமாக மூச்சு விடும் நிலையிலும் ஒன்று எடுத்து ஒப்புநோக்குவர். தோலிலே அழியாத மிகச் சிறிய புள்ளிகள் சில இடப்படும். அப்படங்களைக் கணினியில் வைத்து, கதிர் எந்தக் கோணத்தில் எவ்வளவு செல்லவேண்டும் என்று வைத்தியரும் பௌதிகவியலாளரும் வகுப்பர்.

சிகிச்சை நாட்களில் நோயாளரை அதே நிலையிற் படுக்கவைத்து, சுவரிலிருந்து வரும் லேசர் ஒளிக்கோடுகளைத் தோலிலுள்ள புள்ளிகளோடு பொருத்துவர். பின்னர் ஊழியர்கள் வெளியே சென்றுவிடுவர். நோயாளர் தனித்திருப்பினும் கைவிடப்பட்டவரல்லர். ஒளிப்படக் கருவியினூடாக அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பர், ஒலிபெருக்கியினூடாகப் பேசுவர். “மூச்சை இழுங்கள், பிடியுங்கள்” என்ற சொல் வரும். ஏறக்குறைய 20 செக்கன் பிடித்திருந்தாற் போதும். “விடுங்கள்” என்றதும் விட்டுவிடலாம். ஒரு நாளைய சிகிச்சை இவ்வாறான சில மூச்சுகளோடு முடிந்துவிடும். நடுவில் இருமல் வந்தாலும், மூச்சு நழுவினாலும் அஞ்சவேண்டியதில்லை. கதிரை உடனே நிறுத்திவிட்டு மறுபடியும் தொடங்குவர். கதிர் உடலிற் படும்போது நோவோ சூடோ தெரிவதில்லை.

முன்னொரு காலத்தில் மன்னார்க் கடலிலே முத்துக் குளித்தவர்கள் காலிலே கல்லைக் கட்டிக்கொண்டு, ஒற்றை மூச்சோடு ஆழத்துக்கு இறங்கிச் சிப்பி பொறுக்கினர். இங்கே அவ்வளவு வன்மை வேண்டியதில்லை. வேண்டுவது ஒழுங்கு. ஒரு நாள் மிக ஆழமாகவும் மறுநாள் மேலோட்டமாகவும் மூச்செடுத்தால் மார்பின் நிலை மாறிவிடும். நூறு தடவை இழுத்தாலும் ஒரே உயரத்துக்கு மார்பு வரவேண்டும். முதுகை வளைத்து மார்பை உயர்த்துவதும் கூடாது. சில நாள் வீட்டில் இருந்து பழகினால் இவ்வொழுங்கு பெரும்பாலோர்க்குத் தானாகவே அமைந்துவிடும்.

விலையுயர்ந்த கருவி வேண்டுமா?

மூச்சின் அளவு சரியாயிருக்கின்றதா என்பதைக் கண்காணிக்கப் பல வழிகள் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து வைத்தியசாலையொன்றில் ஜோன் வொங் என்னும் பௌதிகவியலாளரும் அவருடன் உழைத்தோரும் அமைத்த கருவியொன்று 1999ஆம் ஆண்டில் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. நோயாளர் வாயில் குழாயொன்றைக் கவ்விக்கொள்வார். மூக்கு கவ்வியினால் அடைக்கப்படும். உரிய அளவு காற்று உட்சென்றதும் குழாயிலுள்ள அடைப்பு மூடிக்கொள்ளும். மார்பின் மீது வைத்த சிறு பெட்டியின் ஏற்ற இறக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒளியினால் அளக்கும் முறையும் உண்டு. தோலின் மேற்பரப்பையே ஒளிப்படக் கருவிகளால் இடைவிடாது பார்த்துக்கொண்டிருக்கும் முறை இன்னும் புதியது. இவை யாவும் செல்வம் மிகுந்த நாடுகளின் வசதிகள்.

இங்கேதான் இங்கிலாந்திலே றோயல் மார்ஸ்டன் வைத்தியசாலையைச் சார்ந்தோர் செய்த ஆய்வொன்று எமது கவனத்துக்குரியதாகின்றது. 2013ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வில், இடப்பக்கத்தில் நோயுற்ற 23 பெண்கள், குழாய்க் கருவியின் உதவியோடும் கருவியேதுமின்றித் தாமாகவே மூச்சைப் பிடித்தும் சிகிச்சை பெற்றனர். தாமாக மூச்சைப் பிடித்தபோது, மார்பிலே வரைந்த கோடுகள் ஒளிக்கோட்டோடு பொருந்தி நிற்கின்றனவா என்பதை ஊழியர்கள் கண்ணாலே பார்த்துக்கொண்டனர். முடிவு என்ன? இரு முறைகளும் இருதயத்தை ஏறக்குறைய ஒரே அளவிற் காத்தன. ஒழுங்கிலும் வேற்றுமையில்லை. தாமாக மூச்சைப் பிடிக்கும் முறையே நேரத்தை மிச்சப்படுத்திற்று, செலவும் குறைந்தது, நோயாளரும் ஊழியரும் அதனையே விரும்பினர்.

பொருள் வளம் குறைந்த நாடுகளுக்கு இதனிலும் நல்ல செய்தி வேறென்ன வேண்டும்? கதிர்க் கருவியும், ஒளிக்கோடும், விழிப்பான ஊழியரும், நோயாளரின் சொந்த மூச்சும் இருந்தால் இருதயத்தைக் காக்க இயலும். இவற்றுள் மிக அரியதான கடைசிப் பொருளை விலைக்கு வாங்க வேண்டியதே இல்லை.

எல்லோர்க்கும் உரியதா?

அன்று. வலப்பக்கத்து நோயாயின் இருதயம் பொதுவாகத் தொலைவிலேயே இருக்கும். ஆகவே இம்முறையின் தேவை குறைவு. இடப்பக்கத்தவர்களிலும் சிலருடைய உடலமைப்பிலே இருதயம் இயல்பாகவே கதிரின் பாதைக்கு விலகி இருக்கும். தொய்வு நோயோ, நெஞ்சுச் சளியோ, வேறு சுவாச நோயோ உள்ளவர்க்கு மூச்சைப் பிடித்தல் இயலாமற் போகலாம். அன்னோருக்கும் வேறு வழிகள் உண்டு. கதிரின் ஓரத்தை உலோகத் தகடுகளால் மறைத்து இருதயத்துக்கு நிழல் கொடுக்கலாம். சிலரைக் குப்புறப் படுக்கவைத்தும் சிகிச்சை அளிப்பர். எவர்க்கு எது பொருந்தும் என்பதைப் படத்தைப் பார்த்து வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். மூச்சைப் பிடிக்க இயலாத பெண், “எனக்குச் சிகிச்சையே இல்லையோ” என்று மனம் கலங்கவேண்டியதில்லை.

சிகிச்சைக்குரிய நாட்களும் இப்பொழுது குறைந்து வருகின்றன. பிரித்தானியாவில் 4,096 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூன்று கிழமைகளில் 15 தடவையாகக் கொடுக்கப்பட்ட சிகிச்சைக்கு, ஒரு கிழமையில் 5 தடவையாகக் கொடுக்கப்படும் சிகிச்சை நோயைத் தடுப்பதிற் குறைந்ததன்று என்பதை அது காட்டிற்று. தூர ஊரிலிருந்து வந்து, பிள்ளைகளை அயலவர் கையில் ஒப்படைத்துவிட்டுச் சிகிச்சை பெறும் தாய்க்கு இந்நாட்குறைவு எவ்வளவு பெரிய ஆறுதல்! எனினும் எல்லா நோயாளர்க்கும் இது ஏற்றதென்று கொள்ளலாகாது.

வீட்டார் செய்யவேண்டியவை

கதிர்ச் சிகிச்சைக்குச் செல்லும் பெண் தன் வைத்தியரிடம் சில கேள்விகளைத் தயங்காது கேட்கலாம். “என் இருதயத்தில் எவ்வளவு கதிர் படும்? மூச்சைப் பிடிக்கும் முறை இங்கு உண்டா? அது எனக்குப் பொருந்துமா? இல்லையேல் இருதயத்தைக் காக்க வேறென்ன செய்வீர்கள்?” என்று கேட்பது வைத்தியரை ஐயுறுவதாகாது. அக்கேள்விகளுக்கு விடை தருவது அவரது கடமையின் ஒரு பகுதியே. வசதி ஒவ்வொரு நிலையத்திலும் ஒரே விதமாக இராது. ஒரு நிலையத்தில் மூச்சு முறை இல்லையென்பதற்காகச் சிகிச்சையையே தள்ளிப்போடுவது மட்டும் கூடாது.

தனக்கு விளங்காத மொழி வழங்கும் இடத்தில் சிகிச்சை பெற நேரும் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். “இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள்” என்னும் மூன்று சொற்களிலேயே இச்சிகிச்சை முழுவதும் தங்கியிருக்கின்றது. அவை எம்மொழியில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை முதல் நாளிலேயே கேட்டு, வீட்டிலே பிள்ளைகளைக் கொண்டு சொல்லச் செய்து பழகிக்கொள்ளலாம். காது மந்தமானோர் அதனை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வீட்டிற் பழகும்போது, மேல்வகுப்பிற் படிக்கும் மகனோ மகளோ அருகிலிருந்து கடிகாரத்தைப் பார்த்து எண்ணலாம். முதல் நாள் 10 செக்கன், பின்னர் 15, பின்னர் 20 என்று சிறிது சிறிதாகக் கூட்டுக. போட்டியாகச் செய்தல் வேண்டாம். தலை சுற்றினால் நிறுத்துக. இருதய நோயோ சுவாச நோயோ உள்ளவர் வைத்தியரைக் கேளாமற் பழகுதல் ஆகாது.

புகைப்பழக்கம் உள்ளவர் அதனை அன்றே விட்டொழிக்க வேண்டும். கதிரும் புகையும் கூடுமிடத்து இருதயமும் சுவாசப்பையும் படும் கேடு பன்மடங்காகும். தாம் புகையாதிருந்தும் கணவர் விடும் புகையை நாள்தோறும் சுவாசிக்கும் பெண்கள் எமது நாட்டிற் பலர். மனைவி தன் இருதயத்துக்காக மூச்சை அடக்கப் பழகும் வீட்டில், கணவர் தம் புகையை அடக்கிக்கொள்வது அவளுக்குச் செய்யும் பேருதவி. சிகிச்சை முடிந்த பின்னரும் குருதியமுக்கத்தையும் சர்க்கரையையும் அளந்து கட்டுப்பாட்டில் வைத்தல், நாள்தோறும் நடத்தல், பிற்காலத்தில் வேறு வைத்தியரிடம் செல்லும்போது “எனக்கு இடப்பக்கத்தில் கதிர் கொடுத்தார்கள்” என்று மறவாது சொல்லுதல் ஆகியவை வாழ்நாள் முழுதும் கைக்கொள்ளத் தக்கவை. நெஞ்சு நோவை “வாய்வு” என்று சொல்லி ஒதுக்கிவிடும் வழக்கம் யாவர்க்கும் கேடு. இவர்களுக்கு மிகப் பெருங் கேடு.

நோயாளர் என்றால் பிறர் செய்வதையெல்லாம் பொறுத்துக்கொண்டு கிடப்பவர் என்பதே எமது பழைய எண்ணம். சத்திர வைத்தியர் வெட்டுகின்றார். மருந்து உள்ளே ஏற்றப்படுகின்றது. நோயாளர் கண்களை மூடிக் கிடக்கின்றார். இந்தச் சிகிச்சையிலோ அப்பெண்ணும் ஒரு வேலை செய்கின்றாள். அவளுக்காக அவ்வேலையை வேறெவரும் செய்ய இயலாது. நோயினால் உடலின் மீதிருந்த நம்பிக்கையை இழந்திருக்கும் ஒருத்திக்கு இது சிறு ஆறுதலன்று. இச்செய்தியை இன்று படிக்கும் மாணவிகள் தம் தாய்மாருக்கும், மாமிமாருக்கும், அயல்வீட்டு அக்காமாருக்கும் படித்துக் காட்டுவாராக. என்றோ ஒரு நாள் அவர்களில் ஒருவருக்கு, உரிய கேள்வியை உரிய வேளையில் கேட்கும் துணிவை அது கொடுக்கக்கூடும்.